ஐசியுவில் ஆண்டிபயாடிக்: விரைவுப் பரிசோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் எந்த ஆஸ்பத்திரியின் ஐசியு வாசலில் நின்றாலும் இந்தக் கேள்வி காதில் விழும்: “கல்ச்சர் ரிப்போர்ட் வந்துடுச்சா சார்?” உள்ளே இருப்பவருக்கு முந்தின நாள் ராத்திரியே ஆண்டிபயாடிக் ஏற ஆரம்பித்திருக்கும். ரத்தத்தில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்த்துச் சொல்லும் அந்த ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும் என்று சொன்னதும் வெளியே நிற்பவர்களுக்கு அடுத்த சந்தேகம் வரும். அப்படியென்றால் என்ன கிருமி என்றே தெரியாமலா மருந்து ஏற்றுகிறார்கள்?

ஆமாம், முதல் சில மணி நேரம் அப்படித்தான். அதைக் கவனக்குறைவு என்று நினைக்க வேண்டாம். காத்திருந்தால் ஆள் பிழைக்காமலே போகலாம். ஆனால் தெரியாமல் மருந்து கொடுக்கும் அந்த நேரத்தைப் பெருமளவு குறைக்கும் பரிசோதனைகள் இப்போது வந்திருக்கின்றன. நான் மைக்ரோபயாலஜி ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன். வாசலில் காத்திருப்பவர்களுக்கு இதை உட்கார்ந்து விளக்க யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை என்பது எனக்கு ரொம்ப நாளாக உறுத்தும் விஷயம். அதனால்தான் எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு ஒருவரை வைத்துக்கொள்வோம். காசிமேட்டில் மீன் வியாபாரம் பார்க்கும் ஓர் அம்மா. வயது 55, பல வருடமாகச் சுகர். நாலு நாளாக நீர்க்கடுப்பு, குளிர்காய்ச்சல். வியாபாரத்தை விட முடியாமல் தெருமுனை மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். ஐந்தாம் நாள் காலையில் பேச்சு குழறுகிறது, பிரஷர் 80-க்கு இறங்கிவிட்டது. ஆட்டோவில் ஏற்றி ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்கோ பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்கோ கொண்டுவருகிறார்கள்.

டாக்டர்கள் இதை செப்சிஸ் என்பார்கள். கிருமித் தொற்றுக்கு எதிராக உடம்பு காட்டும் எதிர்ப்பு கட்டுமீறிப்போய், சிறுநீரகம், நுரையீரல், மூளை என்று சொந்த உறுப்புகளையே கெடுக்க ஆரம்பிக்கும் நிலை அது. பிரஷரும் விழுந்துவிட்டால் செப்டிக் ஷாக். இந்த நிலையில் ஒரு மணி நேரத்துக்குள் ஆண்டிபயாடிக் போய்ச்சேர வேண்டும் என்கிறது 2021-இல் வந்த உலகளாவிய செப்சிஸ் வழிகாட்டி. ஷாக் இல்லை, செப்சிஸ்தானா என்பதும் சந்தேகம் என்றால், வேறு காரணம் இருக்கிறதா என்று வேகமாகப் பார்த்துவிட்டு மூன்று மணி நேரத்துக்குள் முடிவெடுக்கலாம் என்கிறது.

ஒரு மணி நேரத்தில் எந்த ஆய்வகமும் முழு பதில் தர முடியாது. அதனால் டாக்டர் அனுமானத்தில் இறங்குகிறார். நீர்க்கடுப்பு, சுகர் என்றால் ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற கிருமிகளாக இருக்கலாம். மெரோபெனம் போன்ற, பலவகைக் கிருமிகளைக் கொல்லும் மருந்தை ஆரம்பிக்கலாம். “பெரிய ஆண்டிபயாடிக் போட்டிருக்கோம்” என்று வெளியே வந்து சொல்வது இதைத்தான்.

சரி, பெரிய மருந்தாகவே பத்து நாள் கொடுத்துவிட்டால் என்ன? இரண்டு சிக்கல். முதலாவது, அந்தப் பெரிய மருந்தே வேலை செய்யாமல் போகலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆரின் கண்காணிப்பு அறிக்கைகளைப் பார்த்தால், நம் நாட்டின் பெரிய ஆஸ்பத்திரிகளில் கிடைக்கும் கிளெப்சியெல்லாவில் பாதிக்கும் மேல் மெரோபெனம் வகை மருந்துகளுக்கு அடங்குவதில்லை. ஐசியுக்களில் அதிகம் தென்படும் அசினெட்டோபாக்டரில் பத்தில் ஒன்பதை ஒட்டி அடங்காதவை. சென்னைக்கு இது புதுச் செய்தியும் அல்ல. 2010-இல் வெளியான, உலகமே கவனித்த ஓர் ஆய்வில், என்டிஎம்-1 என்ற ஜீனைச் சுமந்த கிருமி மாதிரிகள் சென்னையில் மட்டும் 44 கண்டுபிடிக்கப்பட்டன. அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமரசாமி. மெரோபெனம் வகை மருந்துகளை உடைத்துப்போடும் என்சைமை உண்டாக்கும் ஜீன் அது. 2012-இல் நாடெங்குமுள்ள மருத்துவச் சங்கங்கள் இங்கே கூடி, ஆண்டிபயாடிக்கைக் கட்டுப்படுத்த ஒரு திட்டத்தை வகுத்தன. அதற்குப் பெயரே சென்னைப் பிரகடனம்.

இரண்டாவது, மருந்து வேலை செய்தாலும் தேவைக்கு மேல் போனால் கெடுதல். குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் அழியும், அந்த இடத்தைப் பூஞ்சையும் எதிர்ப்புள்ள கிருமியும் பிடிக்கும். கடைசிக் கட்ட மருந்தான கோலிஸ்டின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். ஏற்கெனவே கிரியாட்டினின் ஏறி, அதாவது சிறுநீரகம் தளர்ந்து இருக்கும் சுகர் நோயாளிக்கு இதைக் காரணமில்லாமல் ஒரு நாள் கூடுதலாகக் கொடுப்பதுகூட விளையாட்டல்ல.

ஆகவே ஐசியுவில் ஆண்டிபயாடிக் முடிவு ஒன்றே ஒன்று கிடையாது. ஆரம்பிப்பதா, எதை ஆரம்பிப்பது, எப்போது மாற்றுவது, எப்போது நிறுத்துவது என்று நான்கு முடிவுகள். விரைவுப் பரிசோதனைகள் பலவகை. ஒவ்வொன்றும் இவற்றில் ஒன்றிரண்டு முடிவுகளுக்குத்தான் உதவும். இதைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும்.

ரத்தக் கல்ச்சர் என்னும் பழைய வழி

விரைவுப் பரிசோதனை எதனால் விரைவு என்று தெரிய, மெதுவானது எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அந்த அம்மாவின் கையில் நர்ஸ் முதலில் கிருமிநாசினியால் நன்றாகத் துடைப்பார். துடைத்ததும் குத்தக் கூடாது. அது காய வேண்டும். காய்வதற்குள் குத்தினால் தோலில் சும்மா இருக்கும் கிருமி ஊசியோடு பாட்டிலுக்குள் போய், அதுவே வளர்ந்து நம்மை ஏமாற்றும். பிறகு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி வீதம் ரத்தம். இரண்டு தனித்தனி இடத்தில் குத்தி எடுப்பது நல்லது. “இவ்வளவு ரத்தமா எடுக்கிறீங்க?” என்று சொந்தக்காரர்கள் பதறுவார்கள். ஆனால் செப்சிஸில்கூட ஒரு மில்லி ரத்தத்தில் ஒன்றிரண்டு கிருமிதான் இருக்கலாம். குறைத்து எடுத்தால் பாட்டிலில் ஒன்றும் வளராது.

பாட்டில் ஆய்வகத்துக்கு வந்ததும், உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் இயந்திரத்துக்குள் போகும். சில வகைப் பாட்டில்களின் அடியில் நீலப்பச்சையாக ஒரு வட்டம் இருக்கும். கிருமி பெருகி கரியமில வாயுவை வெளிவிட, அந்த வட்டம் மஞ்சளாக மாறும். இயந்திரம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதைப் பார்த்துக்கொண்டே இருந்து, மாறியதும் ஒலி எழுப்பும். பெரும்பாலும் இது ஒன்று இரண்டு நாளுக்குள் நடந்துவிடும். ஒன்றும் வளரவில்லை என்றால் ஐந்து நாள் வரை பார்த்துவிட்டுத்தான் கைவிடுவோம்.

ஒலி வந்ததும் ஒரு சொட்டு எடுத்து கிராம் ஸ்டெயின் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். ஊதாவா சிவப்பா, உருண்டையா குச்சியா என்பது கால் மணி நேரத்தில் தெரியும். 1884-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் கண்டுபிடித்த முறை. என்னைக் கேட்டால் இன்றைக்கும் ஐசியுவின் மிக மலிவான விரைவுப் பரிசோதனை இதுதான். இதற்கு உரிய மரியாதையை நாம் கொடுப்பதில்லை.

அதற்கு மேல்தான் தாமதம். அந்தச் சொட்டைத் தட்டில் பூசி வளர விட ஓர் இரவு. வளர்ந்ததை என்ன கிருமி என்று கண்டுபிடித்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்க மறுபடியும் ஏறக்குறைய ஒரு நாள். எல்லாம் கூட்டினால் இரண்டு மூன்று நாள். இதில் கிருமி வளர்வதற்கு ஆகும் நேரத்தை யாராலும் அதட்டிக் குறைக்க முடியாது.

விரைவு எங்கிருந்து வருகிறது

தட்டில் வளர்ந்த கிருமியின் பெயரைக் கண்டுபிடிக்க மால்டி-டாஃப் என்ற இயந்திரம் இருக்கிறது. கிருமியை ஒரு உலோகத் தகட்டில் பூசி லேசரால் அடித்தால், அதன் புரதங்கள் சிதறிப் பறக்கும் விதத்தை வைத்துச் சில நிமிடங்களில் பெயர் சொல்லிவிடும். பெரிய ஆய்வகங்களில்தான் இருக்கும், இயந்திரத்தின் விலை அப்படி.

அடுத்தது பிசிஆர் பேனல்கள். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்த அதே பிசிஆர்தான். ஒரே ஒரு வைரஸைத் தேடாமல், ஒரே ஓட்டத்தில் பல கிருமிகளின் மரபுப் பொருளையும் எதிர்ப்பு ஜீன்களையும் சேர்த்துத் தேடும். ரத்தத்துக்கான ஒரு பிரபலமான பேனல் 43 இலக்குகளைப் பார்க்கிறது. கையளவு பை ஒன்றில் ரசாயனங்கள் உலர்ந்த நிலையில் அடைக்கப்பட்டிருக்கும். ஒரு பக்கம் திரவத்தையும் மறுபக்கம் மாதிரியையும் செலுத்தி இயந்திரத்தில் சொருகினால், சுமார் ஒரு மணி நேரத்தில் முடிவு. இந்த ஒரு மணி நேரம் ரத்தம் எடுத்த நேரத்திலிருந்து கணக்கல்ல. பாட்டில் ஒலி எழுப்பிய பிறகுதான் ஆரம்பம். விளம்பரங்களில் இதைச் சொல்வதில்லை. நிமோனியாவுக்கான பேனல் மட்டும் வளரக் காத்திருக்காமல், வெண்டிலேட்டர் குழாய் வழியே உறிஞ்சி எடுத்த சளியிலேயே நேராகப் பார்க்கும்.

இனி, எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் படுவதைச் சொல்கிறேன். மெரோபெனத்தை எதிர்க்கும் ஜீன்களை மட்டும் குறிவைக்கும் பரிசோதனை அது. காசநோய்க்கு அரசு ஆஸ்பத்திரிகளில் சளி வைத்துப் பார்ப்பார்களே, அந்த ஜீன்எக்ஸ்பர்ட் இயந்திரத்திலேயே வேறு கார்ட்ரிட்ஜ் போட்டால் ஐந்து ஜீன் குடும்பங்களை ஒரு மணி நேரத்துக்குள் சொல்லிவிடும். வளர்ந்த கிருமியைக் கரைத்து, கோடு விழும் அட்டையில் விட்டுப் பார்க்கும் முறையும் உண்டு. அதற்குக் கால் மணி நேரம் போதும். இந்த முடிவு மருந்தையே மாற்றும். நம் அம்மாவின் கிருமியில் ஓஎக்ஸ்ஏ-48 என்ற எதிர்ப்பு ஜீன் இருந்தால் செஃப்டாசிடிம்-அவிபாக்டம் என்ற ஆண்டிபயாடிக் வேலை செய்யும். என்டிஎம் இருந்தால் அந்த மருந்து தனியாக நின்று ஒன்றும் செய்யாது. கூடவே அஸ்ட்ரியோனம் என்ற இன்னொரு ஆண்டிபயாடிக்கையும் சேர்க்க வேண்டும். இரண்டு ஜீன்களுமே நம்மூரில் சகஜம். முழு கல்ச்சர் வரும்வரை அனுமானத்தில் ஓட்டினால், விலை கூடிய மருந்து இரண்டு நாள் வீணாக ஏறிக்கொண்டிருக்கும். அதைவிட, அந்த அம்மாவுக்கு அந்த இரண்டு நாள் திரும்பக் கிடைக்காது.

வழக்கமான பாக்டீரியாவாகவே இல்லாமல் இருந்தால்? மழைக்காலத்தில் வடசென்னையில் இது முதல் கேள்வியாகவே இருக்க வேண்டும். டெங்குவும் பிரஷரை வீழ்த்தும். மலேரியா இந்தப் பகுதிக்குப் பழைய விருந்தாளி. கிணறும் மேல்நிலைத் தொட்டியும் அதைப் பரப்பும் கொசுவுக்குப் போதும். முட்டளவு தண்ணீரில் நடந்தவருக்கு எலிக்காய்ச்சல் வரலாம். புதர் மண்டிய காலி மனைப் பக்கம் போனவருக்கு, சிற்றுண்ணி கடித்துப் பரவும் ஸ்கரப் டைபஸ் வரலாம். இந்த ஸ்கரப் டைபஸில்தான் பெரிய ஆபத்து, ஏனென்றால் எவ்வளவு மெரோபெனம் ஏற்றினாலும் அது அசையாது. டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும்தான் அதற்கு மருந்து. கடுமையான நிலையில் இரண்டையும் சேர்த்து ஊசியாகக் கொடுப்பது ஒன்றைத் தனியாகக் கொடுப்பதைவிட நல்லது என்று வேலூர் சிஎம்சி தலைமையில் நடந்த ஆய்வு 2023-இல் காட்டியது. டெங்கு என்எஸ்1, மலேரியா அட்டை, ஸ்கரப் டைபஸ் ஐஜிஎம் போன்ற சாதாரணப் பரிசோதனைகள் நம் ஐசியுவில் பெரிய பேனலைவிட அதிக உயிரைக் காப்பாற்றும் என்பது என் எண்ணம். ஸ்கரப் டைபஸின் அடையாளமான கறுத்த பொருக்கு உடம்பில் எங்காவது இருக்கிறதா என்று துணியை விலக்கித் தேடுவதையும் இதோடு சேர்த்துக்கொள்வேன். அதற்குப் பைசா செலவில்லை.

நிறுத்தும் முடிவுக்கு உதவுவது புரோகால்சிடோனின். இது கிருமியைத் தேடாது. பாக்டீரியா தொற்று கடுமையாகும்போது ரத்தத்தில் ஏறும் ஒரு பொருளை அளக்கிறது. ஒரு நாள் அளவை மட்டும் பார்த்துப் பயப்படுவதில் அர்த்தமில்லை, ஏனென்றால் பெரிய ஆபரேஷன், தீக்காயம், விபத்து எல்லாவற்றிலும் அது ஏறும். நாளுக்கு நாள் எப்படி இறங்குகிறது என்பதுதான் சேதி. உச்சத்திலிருந்து 80 சதவீதம் குறைந்தாலோ 0.5-க்குக் கீழே வந்தாலோ, நோயாளியும் தேறியிருந்தால், நிறுத்துவதைப் பற்றி யோசிக்கலாம். இங்கிலாந்தில் 2,760 நோயாளிகளிடம் நடத்தி 2024-இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் இதைப் பார்த்து முடிவெடுத்தபோது ஆண்டிபயாடிக் நாட்கள் ஏறக்குறைய ஒரு நாள் குறைந்தன. அதனால் இறப்பு அதிகமாகிவிடவில்லை. ஆனால் மருந்தை ஆரம்பிக்கலாமா வேண்டாமா என்பதற்கு இதை நம்பக் கூடாது. அளவு குறைவாக இருக்கிறதே என்று ஷாக்கில் இருப்பவருக்கு மருந்தைத் தள்ளிப்போட்டால் விபரீதம்.

நெகட்டிவ் என்றால் இல்லை என்று அர்த்தமா?

பேனல் தன் பட்டியலில் இருப்பதை மட்டுமே தேடும். வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை என்பதால் ஆளே ஊரில் இல்லை என்று ஆகிவிடாது அல்லவா? மழைக்குப் பிறகு சுகர் நோயாளிகளைத் தாக்கும் மெலியாய்டோசிஸின் கிருமி, வெளிநாட்டில் வடிவமைத்த பிரபலமான பேனல்களின் பட்டியலில் கிடையாது. அதேபோல் அசினெட்டோபாக்டருக்கு இங்கே எதிர்ப்பைக் கொடுப்பது பெரும்பாலும் ஓஎக்ஸ்ஏ-23 என்ற ஜீன். நான் மேலே சொன்ன ஐந்து ஜீன் கார்ட்ரிட்ஜ் அதைத் தேடாது. ‘எதிர்ப்பு ஜீன் இல்லை’ என்ற ரிப்போர்ட்டைப் பார்த்து மெரோபெனத்தோடு நிம்மதியாக இருந்துவிட்டால் மோசம். ஆகவே பேனல் போட்டாலும் கல்ச்சரைக் கைவிட முடியாது. இரண்டும் சேர்ந்துதான் ஓட வேண்டும்.

பாசிட்டிவ் வந்தாலும் யோசிக்கத்தான் வேண்டும். பத்து நாள் வெண்டிலேட்டரில் இருப்பவரின் குழாயில் கிருமி குடியிருப்பது சகஜம். அது நோயைத் தருகிறதா, சும்மா இருக்கிறதா என்று பிசிஆருக்குத் தெரியாது. செத்துப்போன கிருமியின் மரபுப் பொருளும் பாசிட்டிவ் காட்டும். எக்ஸ்ரே, ஆக்ஸிஜன் தேவை, காய்ச்சல் எல்லாம் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தின் 14 ஐசியுக்களில் நிமோனியா பேனலை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பேனல் பார்த்த குழுவில் நூற்றுக்கு 76 பேருக்குப் பொருத்தமான, தேவைக்கு மிஞ்சாத ஆண்டிபயாடிக் போயிருந்தது. வழக்கமான முறையில் 56 பேருக்கு. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் நிமோனியா குணமானவர்களின் கணக்கில், பேனல் குழு மற்றதைவிடப் பின்தங்கவில்லை என்று நிரூபிக்க முடியவில்லை. மருந்தைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதும் ஆளைத் தேற்றுவதும் ஒன்றேதான் என்று நம்பிவிடாமல் இருக்க இந்த ஆய்வு எனக்கு உதவியது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படும் ஆய்வு 2015-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இருந்து வந்தது. வழக்கமான முறையில், கிராம் ஸ்டெயின் பார்த்ததிலிருந்து தேவையற்ற பெரிய மருந்தைக் குறைக்க 34 மணி நேரம் ஆனது. விரைவு பேனல் மட்டும் கொடுத்த குழுவில் 38 மணி நேரம். அதாவது இந்த விஷயத்தில் இயந்திரத்தால் ஒரு பலனும் இல்லை. பேனலோடு, முடிவு வந்ததும் வார்டுக்கு உடனே ஆலோசனை சொல்ல ஓர் ஆண்டிபயாடிக் குழுவையும் வைத்தபோது 21 மணி நேரமானது.

ராத்திரி இரண்டு மணிக்குப் பேனல் முடிவு வருகிறது என்று வையுங்கள். டெக்னீஷியன் அதை கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு அடுத்த மாதிரிக்குப் போனால், காலை ரவுண்ட்ஸில்தான் யாராவது திறந்து பார்ப்பார்கள். ஒரு மணி நேரப் பரிசோதனைக்கு ஏழு மணி நேரத் தாமதம். அவர் போனை எடுத்து, “எட்டாம் பெட், கிளெப்சியெல்லா, என்டிஎம் பாசிட்டிவ்” என்று டியூட்டி டாக்டரிடம் சொன்னால், மருந்து ராத்திரியே மாறும். முடிவை மறுமுனையில் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டு, நேரத்தையும் பெயரையும் நோட்டில் எழுதுவது நல்ல ஆய்வகத்தின் பழக்கம். பல லட்சம் கொடுத்து இயந்திரம் வாங்கும் நிர்வாகங்கள், ராத்திரியில் அந்தப் போனை எடுத்துப் பேச ஓர் ஆளையும், அதைக் கேட்டு மருந்தை மாற்ற அதிகாரம் உள்ள ஒரு டாக்டரையும் வைக்க யோசிப்பதுதான் என் ஆதங்கம்.

வாசலில் நிற்பவர்கள் செய்யக்கூடியதும் இருக்கிறது. ஆண்டிபயாடிக் ஏறிய பிறகு எடுத்த ரத்தத்தில் கிருமி வளர்வது குறைந்துவிடும். ஒரே நோயாளிகளிடம் மருந்துக்கு முன்னும் பின்னும் ரத்தம் எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், முன்பு 31 சதவீதமாக இருந்த பாசிட்டிவ், மருந்து போய் இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே 19 சதவீதமாக இறங்கியது. மெடிக்கலில் வாங்கிப் போட்ட மாத்திரையும் இதே வேலையைச் செய்யலாம். அதனால் டாக்டர் கேட்டால் திட்டுவாரோ என்று மறைக்க வேண்டாம். “என்ன மாத்திரைம்மா போட்டாங்க?” என்ற கேள்விக்கு “வெள்ளையா இருந்துச்சு டாக்டர், பேரு தெரியல” என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது. போன வருடம் வேறு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அப்போதைய டிஸ்சார்ஜ் சம்மரியும் கல்ச்சர் ரிப்போர்ட்டும் இருந்தால் கொண்டுவந்து காட்டுங்கள். எதிர்ப்புள்ள கிருமி அப்போதே இருந்திருந்தால் முதல் மணி நேர அனுமானமே மாறிவிடும். மூன்றாம் நாள் ஆனதும், “கல்ச்சர்ல என்ன வந்துச்சு, மருந்தை மாத்துறீங்களா, எப்போ நிறுத்துவீங்க டாக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள். பேனல் பரிசோதனைக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும் என்று தனியார் ஆஸ்பத்திரியில் கையெழுத்து கேட்டால், இதன் முடிவு வந்தால் மருந்து மாறுமா என்று கேட்பதும் உங்கள் உரிமை.

பழைய காகிதம் எதுவும் இல்லையென்றால், வீட்டில் கிடக்கும் காலி மாத்திரை அட்டையையாவது எடுத்துவரச் சொல்லுங்கள். மருந்தின் பெயர் அதன் பின்பக்கத்தில் இருக்கும்.